தலைகீழாய் மாட்டிய பிளேடு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி தேவலையா?

இங்கே நான் வேலை பார்க்கிற தோட்டத்துல ஒரு கூத்து. ஒரு வாரமா என் புல்வெட்டுற மெஷின் புல்லை வெட்டாம, தலைவாரி விட்டுக்கிட்டிருந்தது. கூட வேலை பார்க்கிற மொட்டைக்கு அந்த மெஷின் மேல ஒரு கண்ணு. பெட்ரோல்ல தண்ணி கலந்துட்டான்னு டேங்கையே காலி பண்ணினேன். ஏர் பில்டரைக் கழுவினேன். ராத்திரி அவன் தொடக்கூடாதுன்னு இன்ஜினோட ஸ்பார்க் பிளக்கைக் கழட்டித் தலையணைக்கு அடியில வச்சேன். ஒண்ணும் நடக்கலை. கடைசியில மொட்டையே மெஷினைச் சாய்ச்சுப் பார்த்துட்டு, "அண்ணே, பிளேடைத் தலைகீழா மாட்டினது யாரு?"ன்னு கேட்டான். சாணை பிடிச்சு மாட்டினது நான்தான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்.

சந்தேகம் என்கூடப் பிறந்ததுன்னு நீங்களே சொல்வீங்க. ஆனா போன கடிதத்துல, நான் கேட்காமலே மூணு இடத்துல 'அப்பா நல்லா இருக்கார்'னு எழுதியிருக்கீங்க. அடியில அப்பா எழுதினதா இருந்த ரெண்டு வரியும் உங்க கையெழுத்து.

கைவலிக்கு ஒரு தைலம் அனுப்புங்க. அதைச் சுத்துற காகிதத்துல அப்பாவை என் பேரை மட்டும் எழுதச் சொல்லுங்க.

வேலைக்குக் கூட்டிட்டுப் போற வேன் ஹாரன் அடிக்குது. எழுத்து கோணலா இருந்தாலும் பரவாயில்லைம்மா, அவரே எழுதணும்.

உங்க மூத்தவன்