சாதாரண வரிசையில் செத்த புழுக்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். உன் மாமாவுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. சின்னவளுக்கு முன்பல் விழுந்து பேச்செல்லாம் காற்றாக வருகிறது. எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதித்துக்கொண்டிருக்கிறது. நீ கூட்டத்துக்கென்று வெளியூர் போனதிலிருந்து மூன்று நாளாகப் போனை எடுக்கவில்லை. எடுத்த ஒரு தடவையும் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். வெள்ளிக்கிழமை சோதனை முடிவைச் சொல்ல நீ மேடையேறுவதற்குள் கிடைக்கட்டும் என்று இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

நேற்று டைரக்டர் கூப்பிட்டு அனுப்பினார். உன் மக்காச்சோளச் சோதனை அறிக்கையை என் முன்னால் தள்ளி, புழு வளர்ப்பு அறைப் பொறுப்பாளர் என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துக் கேட்டார். நான் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவளா? உட்கார்ந்து படித்தேன். நீ மரபணு மாற்றி உண்டாக்கிய நாற்பது செடியிலும் விட்ட புழு செத்துவிட்டதாம், முழு வெற்றியாம். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் நட்ட நாற்பது சாதாரணச் செடியிலும் புழு செத்திருக்கிறதே, அதற்கு என்ன பதில் என்று பக்கத்தைப் புரட்டினேன். "வழங்கப்பட்ட புழுக்கள் நலிவுற்றிருந்தமையால் இவ்வரிசை கணக்கில் கொள்ளப்படவில்லை" என்று இருக்கிறது.

நலிவுற்ற புழுவா என்னுடையது? பதினோரு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று கடித்துத் தின்றுவிடும் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கிண்ணம், தனித் தீனி. வீட்டில் உன் மாமா தன்னைவிடப் புழுவுக்குத்தான் கவனிப்பு அதிகம் என்று முணுமுணுக்கிற அளவுக்குப் பார்த்துக்கொள்கிறேன். செடிகளில் விட்டது போக மீதி இருந்த புழுக்கள் கொழுகொழுவென்று வளர்ந்து, கூடு கட்டி, இப்போது அந்துப்பூச்சியாகிக் கூண்டுக்குள் பறக்கின்றன. வந்து யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கட்டும்.

சாதாரண வரிசையில் புழு செத்துக் கிடந்த அன்றே உன்னிடம் வந்து, ஏதோ தப்பாக இருக்கிறது என்று சொன்னேன். "விடுக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாய். பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதானா?

நான் விடவில்லை. இந்தப் புழுவுக்குக் குருத்து என்றால் உயிர் என்று உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சாதாரண வரிசையிலிருந்து பழைய இலை ஒன்றும், அந்த வாரம் புதிதாக விரிந்த இலை ஒன்றும் வெட்டிவந்து புதுப் புழுக்களை விட்டேன். பழைய இலையில் இருந்தவை மறுநாளே செத்தன. புது இலையைச் சல்லடையாக்கிவிட்டன. அப்போதே பூச்சி மருந்து என்று புரிந்துவிட்டது, அடித்த பிறகு விரிந்த இலையில் அது இருக்காதே. பிறகு உன் வரிசைக்குப் போனேன். நாற்பது செடியிலும் புது இலையாகப் பார்த்து வெட்டினேன். இருபத்தொன்றில் புழு செத்தது. பத்தொன்பதில் சுகமாகத் தின்றுகொண்டிருந்தது. சோதனைக்கூடத்தில் இருக்கிறாளே கண்ணாடி போட்ட பெண், அவளிடம் அதே இலைகளை நசுக்கி, மரபணு இருந்தால் இரண்டு கோடு காட்டும் ஸ்ட்ரிப்பை வைத்துப் பார்க்கச் சொன்னேன். புழு செத்த இருபத்தொன்றில் இரண்டு கோடு வந்தது. மற்ற பத்தொன்பதில் ஒரே கோடு. உன் மரபணு அவற்றில் இல்லவே இல்லை.

மருந்தை அடித்தது யார் என்று இன்று காலை சோதனை வயலைப் பார்த்துக்கொள்ளும் வயல்காரரைப் பிடித்துக் கேட்டேன். தயங்காமல் ஒத்துக்கொண்டார், நாங்கள் புழு விடுவதற்கு முந்தின நாள், ஒரு வரிசைக்குச் சொன்னதை எது என்று மறந்துபோய் எண்பது செடிக்கும் அடித்தாராம். சொன்னது யார் என்று கேட்டதும் தெளிப்பானைக் கழுவுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

"அத என்கிட்ட கேக்காதீங்கம்மா. உங்க வீட்ல கேளுங்க."

நம் வீட்டிலிருந்து அங்கே வேலைக்கு வருவது இரண்டே பேர்.

ஏன் செய்தாய் என்று யோசித்துப் பார்த்தேன். உன் செடியைச் சாதாரணச் செடியோடு சேர்த்து எடுத்த விதையில் பாதிக்குத்தான் மரபணு வரும். முளைத்ததும் ஒவ்வொன்றாகச் சோதித்து, ஒரு கோடு வருவதைப் பிடுங்கிப் போட வேண்டும். விதைக் கம்பெனிக்காரர்கள் பார்க்க வரும் தேதி நெருங்கிவிட்டது, அவசரத்தில் நீ அதைச் செய்யவில்லை. அவர்கள் முன்னால் உன் வரிசையில் பாதி ஓட்டையாக நிற்குமே என்று பயந்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாற்பது நாற்றையும் ஒரு முற்பகலில் நானே சோதித்துக் கொடுத்திருப்பேனேடா.

அந்த விதையை நம்பி மருந்தடிக்காமல் விடப்போகிற விவசாயியை நினைத்துப் பார்த்தாயா? அவன் வயலில் பாதியைப் புழு தின்னும்போது போய்க் கேட்க அவனுக்கு யார் இருக்கிறார்கள்? அது ஒரு பக்கம் இருக்கட்டும். 'நலிவுற்றிருந்தமையால்' என்று டைரக்டருக்கு எழுத வராது. பள்ளிக்கூடக் கட்டுரையிலிருந்தே அது உன் நடை. பழி போட உனக்கு உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா? எழுதும்போது கை கூசவில்லையா உனக்கு?

நான் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன். இலைகளும் ஸ்ட்ரிப்புகளும் எண் போட்டு ஃப்ரீசரில் இருக்கின்றன. திங்கட்கிழமை வரை டைரக்டர் அவகாசம் கொடுத்திருக்கிறார். அதற்குள் நீ சொல்லியிருக்காவிட்டால் நான் சொல்லிவிடுவேன்.

எனக்கு வயிறு எரிவது எதற்குத் தெரியுமா? மரபணு ஏறிய இருபத்தொரு செடியும் மருந்தே படாத இலையில் புழுவைக் கொன்றிருக்கின்றன. ஒன்றுகூடத் தவறவில்லை. ஆறு வருடம் நீ பட்ட பாடு பலித்திருக்கிறது. அதை நீயே நம்பாமல் மருந்தை ஊற்றி மூடிவிட்டாய்.

வெள்ளிக்கிழமை எழுந்து நின்று, நாற்பதில் இருபத்தொன்று என்று சொல். மருந்தடிக்கச் சொன்னது நான்தான் என்றும் சொல். சிரிப்பார்கள், திட்டுவார்கள், வேலைகூடப் போகலாம். போகட்டும். சொல்லிவிட்டு எந்த நிலையில் வந்தாலும் வாசலில் நிற்பேன், உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு போடுவேன். சொல்லாமல் வந்தால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நிலைமையை எனக்கு வைக்காதே, கண்ணு.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டுமே நினைக்கும்,
உன் அக்கா