கீதாவின் கறுப்புத் திரை

ஜூலை 15, செவ்வாய். மழை விடவில்லை.

பதினோரு மணிக்குக் கீதாவுக்கு லேப்டாப்பில் வேலைக்கான பரீட்சை. வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் கம்பெனி. பார்வை இல்லாத என் மகளைக் கூப்பிட்டவர்கள் இதுவரை அவர்கள் மட்டும்தான்.

பத்து மணிக்கு, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரல் நின்றுபோனது. "சத்தம் வேற எங்கயாவது போகுதான்னு பாருங்கப்பா" என்றாள். திரை முழுக்கக் கறுப்பு. "டிஸ்பிளே போச்சும்மா" என்றேன். "இல்லப்பா, அது..." என்றாள். அதற்குள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஜாருக்கு ஓடிவிட்டேன். மிளகு வியாபாரி நான்; மூட்டையில் பூஞ்சை கண்டால் நின்றா பேசுவேன்?

ரிப்பேர் கடைப் பையன் ரெண்டு பட்டனைத் தட்டிவிட்டுச் சிரித்தான். "ஒரு கோளாறும் இல்ல சேட்டா. திரையை உங்க பொண்ணே அணைச்சு வெச்சிருக்காங்க. சத்தம் வயர் இல்லாத ஹெட்செட்டுக்குப் போயிருக்கு, அவ்வளவுதான்." ஹெட்செட் வீட்டில் அவள் மேசை டிராயரில் கிடந்தது.

மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் நான் திரும்புவதற்குள் பரீட்சை நேரம் முடிந்துவிட்டது. இன்னொரு நாள் தர மாட்டார்களாம்.

"திரையை எதுக்கும்மா அணைச்சே?"

"நீங்க பின்னால நின்னு படிப்பீங்களேப்பா." குரலில் கோபம்கூட இல்லை.

படிப்பேன்தான். சாயா டம்ளரோடு சத்தமில்லாமல் நின்று, அவளுக்கு வருவதையெல்லாம் படிப்பேன். அவளுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

இப்போது அவள் அறையில் லேப்டாப்பின் அந்தக் குரல் கேட்கிறது. அவள் வைத்திருக்கும் வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. கதவு சாத்தியிருக்கிறது.