அப்பா போட்ட இரண்டு கரண்டி

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், அப்பாவும் இப்போது சுகம். உன் மூச்சு எப்படி இருக்கிறது, அதை முதலில் எழுது. சின்ன வயதிலிருந்தே இழுப்பு வருகிற உடம்பு உனக்கு, அந்தக் கவலையில்தான் இந்தக் கடிதமே.

அப்பாவுக்கு என்ன என்று பதறாதே. போன வாரம் ஒரு கூடை திராட்சை வாங்கி ஸ்குவாஷ் போட்டேன். கெடாமல் இருக்க லிட்டருக்கு ஒரு சிட்டிகை சல்ஃபைட் பொடி, அதற்கு மேல் கூடாது என்று கடைக்காரர் பொட்டலத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தார். நான் குளிக்கப் போன நேரம் பார்த்து அப்பா உதவிக்கு வந்துவிட்டார். நாற்பது வருடம் துணி வெட்டி, பின்னால் பிரித்துவிட உதவும் என்று எதிலும் இரண்டு விரல் துணி கூடுதலாக விட்ட கை அது, சும்மா இருக்குமா, இருக்கட்டும் என்று இரண்டு கரண்டி கொட்டியிருக்கிறார். வந்து பார்த்தால் கருகருவென்று இருந்த சாறு பத்து வருடம் துவைத்த ரவிக்கை மாதிரி வெளுத்து நிற்கிறது. புளிப்பு சேர்த்தால் நிறம் திரும்பும் என்று இவராகவே முடிவு செய்து ஆறு எலுமிச்சம்பழம் பிழிந்து, பாத்திரத்துக்குள் முகத்தை விட்டு முகர்ந்தாராம். ஒரு பெட்டி தீக்குச்சியைச் சேர்த்து உரசிய நெடி. தும்மல், இருமல், அப்புறம் இழுப்பு. உன் இழுப்பு என் பிறந்த வீட்டுச் சொத்து என்று இத்தனை வருடம் சொன்னவர் இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

மாடி வீட்டு நர்ஸ்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். சிட்டிகை அளவு மத்தவங்களை ஒண்ணும் பண்ணாதும்மா, இழுப்புக்காரங்களுக்கு அதுவே ஆகாம போகலாம், உலர்பழம் நிறம் மங்காம இருக்கவும் இதைத்தான் போடுவாங்க என்றாள். அதைக் கேட்டதும் அப்பா முகம் மாறிவிட்டது. போன லீவில் உன் பெட்டியைத் திறந்தபோது இதே நெடிதான் அடித்ததாம், உன் நீலச் சட்டையில் இரண்டு கையும் முழங்கை வரை வெளுத்திருந்ததாம். உலர்பழக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறவன் சட்டை அப்படி வெளுக்குமா, அவன் இந்தப் பொடி கரைச்ச தண்ணியில பழம் முக்குற இடத்துலதான்டி நிக்கிறான் என்கிறார். எங்களிடம் ஏன் மறைத்தாய் கண்ணா. வேறு இடத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேள், தராவிட்டால் கிளம்பி வந்துவிடு, எங்களுக்கு நீ வேண்டும்.

அப்பா உனக்காக ஆறு முகமூடி தைத்துவிட்டார். துணி இந்த நெடியைத் தடுக்காது, கம்பெனிதான் சரியான முகமூடி தரவேண்டும் என்று நர்ஸ் அவரிடமே சொல்லிவிட்டாள். சரிம்மா என்று தலையாட்டிவிட்டு ஏழாவதை வெட்டிக்கொண்டிருக்கிறார். நீ எழுதினால்தான் நிறுத்துவார்.

நல்லபடியாக இரு, நீண்ட ஆயுசோடு இரு. இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் அல்ல.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா