சாடிக்கு நான் சொல்லாத ‘ஓம்’

என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வந்த தம்பி சிவத்துக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு உன் சீனத்துச் சாடியை வசந்தி ஏலத்துக்குக் கொடுத்துவிட்டாள். மெல்பேர்னில் உன் மல்கிரேவ் வீட்டு முன்னறையில் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்திருந்தாயே, நீலப் பூப்போட்டது, அதுதான். உன் மனைவி, அவள் விருப்பம். அதில் எனக்கு வருத்தமில்லை.

போன கிழமை ஏலக்காரப் பெண் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். சாடியை வைத்திருந்தவர் எப்படிப்பட்ட குடும்பம் என்று விவரப் புத்தகத்தில் போடுவார்களாம். நீ சேகரிப்பாளர் சங்கத்தில் சொல்லிவைத்ததை வாசித்தாள். யாழ்ப்பாணத்தில் கப்பல் வைத்திருந்த தகப்பன். அவர் சீனத்திலிருந்து கொண்டுவந்த சாடி. குடும்பத்தில் மூத்தவர் நீங்கள், ஓம், அது உண்மைதான் என்றால் போதும் என்றாள்.

இல்லை என்றேன். எங்கள் ஐயா சுருட்டுச் சுற்றியவர். வீட்டில் இருந்ததெல்லாம் இனாமல் கோப்பை. சிட்னிக்குப் போனபோது பிளாக்டவுனில் ஒரு பழைய சாமான் கடையில் நீ எடுத்த சாடி அது. உள்ளே யாரோ பொத்தான்கள் போட்டு வைத்திருந்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன்.

அதை இனம் கண்டது, ட்ருகனினா கிடங்கில் நாள் முழுக்கப் பெட்டி இறக்கிவிட்டு வந்து, நூலகப் புத்தகம் பார்த்து நீயாகப் படித்த வித்தை. நானும் அப்படித்தான் ஆங்கிலம் படித்தேன். இதில் என்ன வெட்கம், சிவம்? ஐயா உயிரோடு இருந்தபோதே கப்பல் கதையைத் தொடங்கிவிட்டாயா? அவருக்குத் தெரியுமா?

வசந்தி வீட்டுக்கே வந்து சண்டை பிடித்தாள்.

“ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன குறைஞ்சு போவியள், அண்ணை?”

“ஐயாவிட்டைக் கப்பல் இல்லை, பிள்ளை.”

“செத்த மனுசனுக்கு ஒரு கப்பல் குடுக்கேலாதோ? அதிலையும் கஞ்சத்தனமோ?”

பழைய சாமான் கடை என்று போட்டால் எடுபடாதாம். புத்தகத்தில் இப்போது ‘தனியார் சேகரிப்பு, மெல்பேர்ன்’ என்று மட்டும் வருகிறது. கப்பலும் இல்லை, சுருட்டும் இல்லை. உன் பெயரும் இல்லை. அதைத்தான் வசந்தியால் பொறுக்க முடியவில்லை. எனக்கும் அது சரியாகப் படவில்லை. அதற்காகப் பொய்க்குத் தலையாட்ட என்னால் ஆகாது.

சனிக்கிழமை சாடியைப் பார்வைக்கு வைக்கிறார்கள். நான் போவேன். அதன் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பேன். இது சிவத்தின் சாடி, அவன் இப்படித்தான் தேடி எடுத்தான் என்று கேட்பவர்களுக்குச் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன். எழும்பச் சொன்னால் எழும்பமாட்டேன்.

உன் அண்ணன்,
சுருட்டுக்காரச் செல்லையாவின் மூத்த மகன்