பெண் வீட்டுக்காரியின் வெள்ளை முடி

அண்ணி,

நேற்று என் கணவர் குறிஞ்சிப்பாடியிலிருந்து மருதாணிப் பொடி வாங்கி வந்தார். பொட்டலத்தைப் பிரித்ததும் காய்ந்த வைக்கோல் வாசனை. உடனே நீங்கள் அடுக்களைக்குள் வந்துவிட்டீர்கள். மூக்கை உள்ளே விட்டு, "சென்ட் வாசனை இல்லல்ல? அப்ப மேல பாக்கலாம்" என்கிற அதே தோரணை.

சிப்காட்டில் ஒரு சாயக் கம்பெனியின் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் நீங்கள். எதையும் சோதிக்காமல் நம்ப மாட்டீர்கள். பால், பட்டுப்புடவை எல்லாம் போகட்டும், இவரையே எத்தனை கேள்வி கேட்டீர்கள்! பாவம், மனிதர் நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

உங்கள் தம்பி, என் முதல் கணவர், இறந்துபோன பிறகு ஞாயிறுதோறும் கடலூரிலிருந்து பஸ் ஏறி, சிதம்பரத்தில் தனியாக இருந்த என்னைப் பார்க்க வருவீர்கள். என்னோடு வேலை பார்த்த இவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டதை முதலில் உங்களிடம்தான் சொன்னேன். அடுத்த ஞாயிறு செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "விசாரிச்சிட்டேன். நல்ல மனுஷன். சரின்னு சொல்லுடி" என்றீர்கள்.

எனக்கு ஆசை இருந்தது. பயம் அதைவிட ஜாஸ்தி. "தலை பாதி நரைச்சுப் போச்சு அண்ணி. இந்த வயசுல கல்யாணம்னா ஊரு சிரிக்கும்" என்றேன்.

என் முடியை விரலால் கோதிப் பார்த்தீர்கள். "எனக்கு வயசாகி நரைச்சது. அது பாட்டுக்கு வெள்ளையாவே இருக்கட்டும். உனக்கு என் தம்பி போன கவலையில நரைச்சது. அத நான் விட மாட்டேன்."

அழுதுகொண்டே சம்மதம் சொன்னேன்.

பிறகு உங்கள் வேட்டை ஆரம்பித்தது. சீப்பில் உதிர்ந்த உங்கள் வெள்ளை முடியைச் சேர்த்துக் கொத்துக் கொத்தாக நூலில் கட்டி ஒரு டப்பாவில் வைத்திருந்தீர்கள். எந்தப் பொடியும் அதில் தேறினால்தான் என் தலைக்கு. ஒரு மணி நேரத்தில் கருகருவென்று ஆக்கும் என்று பெட்டியில் போட்டிருந்த ஒன்று, சொன்னபடியே ஆக்கியது. எனக்கு ஒரே சந்தோஷம். நீங்கள் பெட்டியோடு தூக்கிக் குப்பையில் போட்டீர்கள். "மருதாணின்னா செவக்கணும். கறுத்தா வேற என்னமோ கலந்திருக்கான். கலரோடவே குடும்பம் நடத்துனவ நான், எங்கிட்டயேவா?"

சிதம்பரத்து நாட்டு மருந்துக் கடையில் நடந்தது இன்றைக்கும் சிரிப்பாக வருகிறது. "பாருங்கம்மா, எப்புடிப் பச்சைப் பசேல்னு" என்று கடைக்காரர் பொடியை நீட்டினார். நீங்கள் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு, அதில் ஒரு சிட்டிகையைத் தூவினீர்கள். தண்ணீர் சட்டென்று பச்சையானது. அடியில் மணல் தங்கியது.

"இலை இப்புடிக் கரையாதுங்க. இது சாயம்."

"மருதாணி வாங்க வந்தீங்களா, ரெய்டு பண்ண வந்தீங்களா?" என்று முனகிக்கொண்டே அவர் உள்ளே போய் வேறு டப்பா எடுத்து வந்தார். கொஞ்சம் மங்கிய பச்சை. விரலில் தேய்த்தால் முகப் பவுடர் மாதிரி இருந்தது. அதைக் குழைத்து ஒரு வெள்ளைத் தாளில் பொட்டு வைத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனீர்கள். நிதானமாகச் சாமி பார்த்துவிட்டுத் திரும்பினால், பொட்டைச் சுற்றி ஆரஞ்சு நிறம் படர்ந்திருந்தது. கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

எங்கள் கல்யாணத்தன்று திருவந்திபுரம் கோயிலில் எத்தனையோ முகூர்த்தம். எங்கள் முறை வந்ததும் பட்டர் அவசரமாக, "பொண்ணு வீட்டுக்காரங்க யாரு?" என்று கேட்டார். அப்பா அம்மா இல்லாத நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான்தான்" என்று முன்னால் வந்தீர்கள்.

"பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?"

"நாத்தனார்."

பட்டர் ஒரு கணம் மந்திரத்தையே மறந்துவிட்டார். நீங்களோ அவரைக் கவனிக்கவில்லை. வெயிலில் செம்பு நிறமாக மின்னிய என் தலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகும் ஒவ்வொரு பொடியையும் உங்கள் முடியில்தான் சோதித்து வந்தேன். டப்பாவில் இப்போது கடைசிக் கொத்துதான் மிச்சம். நேற்று இவர், "அத எடுக்காத. பொடி நல்லாத்தான் இருக்கு, நம்பலாம்" என்றார். நானும் டப்பாவை மூடிவிட்டேன். ஆனால் சோதிக்காமல் தலையில் வைத்தால், அப்புறம் நீங்கள் எனக்கு நாத்தனாராக இருந்து என்ன பயன்? மறுபடி திறந்து, அந்தக் கொத்தை அப்படியே குழைத்த பொடிக்குள் வைத்துவிட்டேன்.

காலையில் அலசினேன். வெள்ளையாகவே இருப்பேன் என்று அடம்பிடித்த முடி என்னமாய்ச் சிவந்திருக்கிறது! கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணி, ரொம்ப அழகாக இருக்கிறது. அப்புறம் என் தலைக்கும் வைத்துக் குளித்தேன். உங்கள் கொத்தைச் சவுரி மாதிரி என் பின்னலுக்குள் வைத்துப் பின்னிக்கொண்டேன். எது யாருடையது என்று இவருக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு எங்கள் கல்யாண நாள். சாயங்காலம் திருவந்திபுரம் கிளம்புகிறோம். பெண் வீட்டுக்காரர் இல்லாமல் எப்படிப் போவது?