அக்காவுக்கு நான் போட்ட அப்பாயின்ட்மென்ட்

மார்ச் 3, செவ்வாய்

கதிர்வீச்சு அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் கதவைத் திறந்து, தலையை நிமிர்த்தாமலே, "அடுத்த அம்மா வாங்க" என்றாள். எழுந்தேன். "உங்க வீட்டம்மா எங்க?" என்றாள். நான்தான் அந்த அம்மா என்றேன்.

மார்பகப் புற்றுநோய். எனக்கு. முப்பத்தொரு வயதில். ஆண்களுக்கும் வரும், அபூர்வமாக வரும் என்கிறார்கள். லாட்டரியில் விழாத அபூர்வம் இதில் விழுந்திருக்கிறது. இடது பக்கம் வழித்தெடுத்தாயிற்று. கீமோ முடிந்தது. இப்போது தினமும் இது.

பக்கத்தில் கம்பளித் தொப்பி போட்ட ஓர் அம்மா, என்னைப் போலவே தினமும் வருகிறவர், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்களுக்குன்னு தனியா இருந்தது இது ஒண்ணுதான் தம்பி. இதுலயும் பங்குக்கு வந்துட்டியா?"

ஆபரேஷனுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது இன்றுதான். தையல் போட்ட இடம் இழுத்தது.

மார்ச் 9

மரபணுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. பழுது இருக்கிறது. அப்பா வழி. அப்பாவின் தங்கை, நான் பார்த்தேயிராத அத்தை, வயிற்றில் கட்டி வந்து இறந்தது இதனால்தான் இருக்கும் என்றார் டாக்டர். அப்பாவிடம் கேட்கலாம் என்றால் அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"கூடப் பிறந்தவங்க?"

ஓர் அக்கா.

"அவங்களுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சோதிச்சுக்கச் சொல்லுங்க. முன்னாடியே தெரிஞ்சா நிறையச் செய்யலாம்."

பாதிக்குப் பாதி. ஒரு லிஃப்டின் பிரேக் பாதி நேரம்தான் பிடிக்கும் என்று தெரிந்தால் நான் என்ன செய்வேன்? மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வருவேன். குடியிருப்பவர்கள் கத்தினால் கத்தட்டும். லிஃப்ட் மெக்கானிக்காக ஒன்பது வருடம் செய்த வேலை அது.

அக்காவைப் பூட்ட முடியாது.

மார்ச் 15, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. மாமா, காலேஜ் போகும் மகள், அம்மா, நான். தனியாகச் சொல்லலாம் என்றுதான் போனேன். தனியாக மாட்டவே இல்லை. எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்? சாப்பிடும்போதே போட்டு உடைத்தேன்.

மாமாவுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. மகள் போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டாள். அம்மா, "சாப்பிடுற நேரத்துலயாடா?" என்றாள்.

அக்கா மட்டும் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். கை கழுவிவிட்டு வந்து, "நான் சோதிச்சுக்கப் போறதில்ல" என்றாள்.

ஏன்?

"இருக்குன்னு வந்தா ரெண்டையும் எடுத்துடுன்னு சொல்வாங்க. அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் தண்ணியில இறங்குறது?"

அக்கா நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறாள். பாதி நாள் நீச்சலுடையிலேயே கழியும்.

"கயிறு எப்பவும் ஒரே அடியா அறுந்து விழாது. ஒவ்வொரு இழையா விடும். அப்பவே பார்த்து மாத்தணும். அறுந்ததுக்கு அப்புறம் சோதிக்கிறவன் பைத்தியக்காரன்" என்றேன்.

"நான் லிஃப்ட் இல்லடா" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 24

நெஞ்சு வெந்துபோய்த் தோல் உரிகிறது. சட்டை பட்டால் உயிர் போகிறது. அக்காவுக்கு ஒன்பது மெசேஜ் அனுப்பினேன். எல்லாம் புள்ளிவிவரம். படித்துவிட்டாள். பதில் இல்லை.

மார்ச் 30

மரபணுக் கிளினிக்குக்குப் போன் செய்து நானே அவளுக்கு நாள் குறித்துவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் ஆகாது.

ஏப்ரல் 2, வியாழன்

செத்தேன்.

நாள் குறிக்கும்போது தொடர்பு எண் கேட்டார்கள். குளத்தின் ஆபீஸ் எண்ணைக் கொடுத்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கை பழகியது அது. எங்கள் வேலையில் குடியிருப்பவர் எண்ணை எழுத மாட்டோம், அவர்கள் எடுக்கவே மாட்டார்கள். கட்டிடத்தைப் பார்த்துக்கொள்பவரின் எண்ணைத்தான் எழுதுவோம். அக்கா தண்ணீரில் இருந்தால் போன் எடுக்க மாட்டாள். அதனால் ஆபீஸ்.

கிளினிக்கிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். மேனேஜர் எடுத்திருக்கிறார். எங்கிருந்து பேசுகிறார்கள் என்று அவர் கேட்க, இவர்களும் புற்றுநோய் மரபணுக் கிளினிக் என்று சொல்ல, சாயங்காலத்துக்குள் குளம் முழுக்க அக்காவுக்குப் புற்றுநோய். ஒரு குழந்தையின் அம்மா வந்து கட்டிப்பிடித்து அழுதிருக்கிறாள்.

அக்கா போன் செய்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"உனக்கு வந்ததுக்கு நான் அழுதேன்டா. உன்னைக் குளிப்பாட்டி விட்டேன். வாந்தி எடுத்ததை எல்லாம் அள்ளினேன். அதுக்கு நீ எனக்குப் பண்ணது இது. இனிமே நீ எனக்குப் போன் பண்ணாத."

வைத்துவிட்டாள்.

நான் சொன்னது தப்பா? இல்லை. பின்னே எது தப்பு? தெரிகிறது. எழுதப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 17

கதிர்வீச்சு முடிந்தது. எல்லாரும் வாழ்த்துகிறார்கள். என்னத்துக்கு?

மே 6

வேலைக்குத் திரும்பினேன். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்ததால் இடது கை வீங்கிக்கொண்டே இருக்கிறது. விரல் நுனி தவிர்த்து மொத்தமாக இறுக்கமான உறை போட்டிருக்கிறேன். மெஷின் ரூமுக்கு ஏறும் இரும்பு ஏணியில் பாதி தூரம் போனேன். கை பிடி கொடுக்கவில்லை. மேலே நின்ற கூட்டாளி, "இறங்கிடு, விழுந்து வச்சா நான்தான் பதில் சொல்லணும்" என்றான். நல்லவன். அவன் காலைப் பிடித்து இழுத்துவிடலாம் போல இருந்தது.

இனி எனக்கு ஆபீஸில் போன் எடுக்கும் வேலை. "சார், லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு." பதறாதீங்க, ஆள் வருவாங்க. ஆள் நான் இல்லை.

மே 20

புற்று திரும்பாமலிருக்க அஞ்சு வருடம் தினமும் ஒரு மாத்திரை. திடீரென்று உடம்பு பற்றி எரிகிறது, தலையிலிருந்து வியர்வை கொட்டுகிறது. மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்துப் படித்தேன். மாதவிலக்கு தள்ளிப்போகலாமாம். கவனித்துக்கொள்கிறேன்.

இதை அக்காவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். சொல்ல முடியாது.

ஜூன் 11

பரிசோதனைக்குப் போனேன். எனக்கு இப்போதைக்குச் சுத்தம். இப்போதைக்கு என்ற வார்த்தையை டாக்டர் மெல்லச் சொன்னார், எனக்குக் கேட்காதது போல.

தொப்பிக்காரம்மாவைப் பார்த்தேன். சக்கர நாற்காலியில். எலும்புக்குப் போய்விட்டதாம். "நீயாவது ஓடிப் போயிடு தம்பி" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். என்னால் முடியவில்லை.

ஜூலை 8

அம்மா அக்கா வீட்டுக்குப் போய்வந்தாள். "உன்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல" என்றாள். பிறகு அவளே, "கை வீக்கம் குறைஞ்சுதான்னு மட்டும் கேட்டா" என்றாள்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

ஒன்றும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிழைத்ததற்கு இதுதான் கூலி என்றால்—

ஆகஸ்ட் 19, புதன்

ஆபீஸில் போன் அடித்தது. வழக்கம்போல, "எந்தக் கட்டிடம், எந்த மாடி?" என்றேன்.

"நான்தான்டா" என்றாள் அக்கா.

பேனாவைக் கீழே வைத்தேன்.

"குளிச்சிட்டு டிரஸ் மாத்தும்போது கையில பட்டுச்சு. வலது பக்கம். கொட்டை மாதிரி. ஒரு மாசமா இருக்கு."

ஒரு மாசமா? மாமாகிட்ட சொன்னியா?

"யார்கிட்டயும் சொல்லல. அவர்கிட்ட சொன்னா அவரைத் தேத்தவே எனக்கு நேரம் சரியாப் போயிடும். உன்கிட்டதான் சொல்றேன்."

பக்கத்து மேஜையில் இன்னொரு போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 27

புற்றுதான். அக்குளுக்கும் போயிருக்கிறது. அதே மரபணுப் பழுது.

வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் நின்றோம். வெயில். அக்கா அழவில்லை.

"சொல்லிடு."

என்னத்தை?

"'நான் அப்பவே சொன்னேன்ல'ன்னு. வயித்துக்குள்ளயே வச்சிக்கிட்டு இருக்காத. மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது."

"நான் அப்பவே சொன்னேன்ல."

என் நல்ல கையாகப் பார்த்து ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன். அவள்தான் என்னைப் பிடித்துக் காரில் உட்காரவைத்தாள். கேவலம்.

மார்ச்சில் பார்த்திருந்தால் இது இருந்திருக்குமா? இருந்திருந்தாலும் சிறிசாக இருந்திருக்கும். நான் அந்த எண்ணைக் கொடுக்காமல் இருந்திருந்தால், வாயை மூடிக்கொண்டு ஒரு மாதம் பொறுத்திருந்தால், அவளாகவே போயிருப்பாளா? இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் விடை ஒன்றுதான்.

செப்டம்பர் 3

குளத்தில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். கடைசி வகுப்பைப் போய் எட்ட நின்று பார்த்தேன். ஒரு குட்டிப்பெண் ஓரத்துக் கம்பியை விட மாட்டேன் என்று கத்திக்கொண்டிருந்தது. அக்கா திட்டவில்லை, இழுக்கவில்லை. பக்கத்தில் மிதந்துகொண்டு வேறு எதையோ பேசிக்கொண்டே இருந்தாள். வகுப்பு முடிகிறவரை அது விடவேயில்லை. "சரி, நாளைக்குப் பாக்கலாம்" என்று தூக்கிக் கரையில் விட்டாள்.

செப்டம்பர் 8, செவ்வாய்

முதல் கீமோ. மாமா வருகிறேன் என்றார். அக்கா வேண்டாம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏன் நான்?"

"வீட்டுல எல்லாரும் ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு உயிரை வாங்குறாங்க. நீ அதைச் சொல்ல மாட்ட."

போன வருடம் நான் கிடந்த அதே கூடம். சாய்வு நாற்காலிகள், ஏசி குளிர். அவளுக்குப் போர்வை வாங்கிக் கொடுத்தேன்.

"வலிக்குமா?"

"ஊசி வலிக்காது. மூணாவது நாள்ல இருந்து எலும்பெல்லாம் வலிக்கும். வாய் புண்ணாகும். முடி கொட்டும், மொத்தமா."

தலையாட்டினாள். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பிழைப்பேனா?"

என்னிடம் அதற்கு ஓர் எண் இருந்தது, இத்தனை சதவீதம் என்று. அவளுடைய நிலைக்கு, அவளுடைய வயதுக்கு, தசமப் புள்ளி வரைக்கும் தேடி வைத்திருந்தேன். நல்ல எண் இல்லை.

"தெரியலக்கா" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். அந்த எண் அதில் தெரிந்திருக்க வேண்டும். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"பொண்ணுகிட்ட டெஸ்ட் பத்திப் பேசணும்" என்றாள். "எப்பன்னு அவ சொல்லட்டும். அவ கேக்குற வரைக்கும் நீ வாயைத் திறக்காத."

"சரி."

"கேட்டா, எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணையும் மறைக்காத." ஊசி குத்திய கையைத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நான் இல்லாட்டியும்."

நர்ஸ் வந்து மருந்துப் பையை மாற்றினாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நான் சரி என்று சொன்னேனா இல்லையா, நினைவில்லை.