கூப்பிடாத பெயருக்கு ஒரு ஹாஜர்

எழுத்தறியாத நானும் பெட்டியில் ஒட்டியிருந்த சின்னத்தைப் பார்த்து முதன்முதலாக ஓட்டுப் போட்டேனே, அதை அடுத்து வந்த மாசி மாதத்தில்தான் நீ அந்தக் கிறுக்குத்தனம் செய்தாய். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகக் கிடந்த காலம். இன்று காலை அறுப்பு மிஷின் போன வயலிலிருந்து புது வைக்கோல் மணம் வந்தது. மற்றவர்களுக்கு அந்த மணத்தில் வயிறு நிறையும். எனக்கு உன்மேல் எரிச்சல் வருகிறது. நீ செத்தும் தீராத எரிச்சல்.

நான் சொல்லச் சொல்ல ஒருவர் இந்த மடலை எழுதுகிறார். என் பேச்சை வெளுத்து, கஞ்சி போட்டு, மடித்து எழுதுகிறார். யார் என்று இப்போதே சொன்னால் நீ மேற்கொண்டு கேட்க மாட்டாய். கடைசியில் சொல்கிறேன்.

இன்டர்மீடியட்டோடு நிறுத்திவிட்டு நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியாராகப் போனவன் நீ. நெற்றி மேலே ஏறத் தொடங்கிய வயதில் பி.ஏ. படிக்கிறேன் என்று டவுனுக்குக் கிளம்பினாய். காரணம் இருந்தது. பள்ளிக்கூடம் ஹைஸ்கூல் ஆகப்போகிறது, பி.ஏ. பாஸாகி வந்தால் ஹெட்மாஸ்டர் நாற்காலி உனக்கு என்று மேனேஜர் சொல்லியிருந்தார். சம்பளமில்லாத லீவு போட்டாய். நீ படித்து முடிக்கும் வரை உன் வீட்டில் அடுப்பு எரிந்தது, உன் மனைவி பகவதி பசு வளர்த்துப் பால் விற்றதால். நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம் வாய் கொள்ளாத சிரிப்போடு வந்தாய்.

"ஏலே, சரித்திரத்துக்கு எனக்கு வாத்தியாரு யாரு தெரியுமா? நம்ம செல்லத்துரை!"

"மூக்கு ஒழுகிக்கிட்டு அலைவானே, உங்கிட்ட மூணாம் கிளாசு படிச்சவனா?"

"அவனேதான். என்னைப் பாத்ததும் கை கட்டிட்டான். ஒரு மணிக்கூர் நாற்காலியில இருக்கவே இல்ல. நின்னுக்கிட்டே எடுத்தான்."

"நீ அவனைச் சாருன்னு கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன். அவனும் என்னைச் சாருன்னான். பையம்மாரு சிரிச்ச சிரிப்புல பாடம் எங்க கேட்டுது?"

அப்போது நானும் சிரித்தேன்.

இரண்டாம் வருஷம் பரீட்சை நெருங்கும்போது, மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு வந்தது. உன் வயலும் நான் பாட்டத்துக்கு எடுத்த வயலும் ஒரே வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். "களத்தை நான் பாத்துக்கிடுகேன், நீ காலேஜுக்குப் போ லே" என்று தொண்டை வற்றச் சொன்னேன். "நெல்லு களத்துல கெடக்கும்போ பானிப்பட்டுச் சண்டையில எனக்கு மனசு நிக்காது மக்கா" என்றாய். காலையில் களம், மத்தியானம் கல்லூரி. சரித்திர வகுப்பு நடப்பதோ காலையில்.

பரீட்சைக்கு முன்னால் ஹாஜர் கணக்கைப் பலகையில் ஒட்டினார்கள். சரித்திரத்தில் உனக்கு ஒரு நாள்கூடக் குறையவில்லை. வேறு எவனாவது இருந்தால் சுசீந்திரத்து அனுமாருக்கு வடைமாலை சாத்தியிருப்பான். நீ முகம் கறுத்து வந்தாய்.

"நான் களத்துல நின்ன நாளு, கிளாசுல இருந்தவன் எவன் லே?"

"உன் ஆவி இருந்திருக்கும். பேசாம கெட."

"இத்தனை வருஷம் ஹாஜர் எடுத்தவன் நான். வராத பிள்ளைக்கு வந்தான்னு ஒரு நாளும் போட்டதில்ல."

"நீ பிள்ளையா? முத்தின எருமை. போட்டான், போகட்டும்."

தொழுவத்திலிருந்து பகவதியின் குரல் வந்தது. "அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா இந்தச் செவரு கேக்கும், இவிய கேக்கமாட்டாவ."

விடிந்ததும் பிரின்சிபலிடம் போய் அந்த நாட்களை வெட்டச் சொல்வேன் என்றாய். வெட்டினால் பரீட்சை எழுத முடியாது. பரீட்சை போனால் நாற்காலி போகும். உன்னிடம் பேசிப் பயனில்லை என்று உனக்கு முன்னால் நான் செல்லத்துரை வீட்டுக்கு ஓடினேன்.

"ஏம்டே, வராத மனுசனுக்கு எதுக்கு ஹாஜர் போட்டே?"

அவன் விழித்தான். "சாரு வரலியா அண்ணாச்சி?"

"நீ பாக்கலியா?"

"சாரு பேரை என் வாயால எப்பிடிக் கூப்பிடுவேன்? அந்தப் பேரு வரும்போ தலையைக் குனிஞ்சு ஹாஜர் போட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிருவேன். அந்தப் பெஞ்சைப் பாத்தா எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு மறந்துபோகும்."

"சரி, ஆனது ஆச்சு. இப்பம் கேட்டா, சாரு வந்தாருன்னு சொல்லிரு."

"சாரு முன்னாலயா பொய் சொல்லச் சொல்லுகிய?"

ஒரு கிறுக்கன் என்று நினைத்துப் போனேன். இரண்டு பேர்.

பிரின்சிபல் நல்ல மனுஷர். "நான் ஒண்ணும் கேக்கலையே, போய்ப் படியும்" என்றாராம். "நான் சொல்லுகேனே" என்றாயாம் நீ. களத்தில் நின்ற நாட்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, உன் கழுத்தை நீயே அறுத்துக்கொண்டாய். செல்லத்துரைக்கும் நல்ல ஏச்சு விழுந்தது. வெளியே வந்த பிறகு நீ அவனிடம் சொன்னது என் காதில் இன்னும் கிடக்கிறது.

"ஹாஜர் எடுக்கும்போ தலையைத் தூக்கி ஆளைப் பாக்கணும்டே. இதை உனக்கு நான் சொல்லித் தரலியா?"

"சொல்லித் தந்திய சார்."

அவன் கண்ணைத் துடைத்தான். நீயும் துடைத்தாய். நான் காலேஜ் கேட்டுக்கு வெளியே நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் திரும்பவும் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தாய். அப்போதாவது உன் பெயரைக் கூப்பிட்டானா? இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தான், பார்த்துவிட்டுப் போட்டான், அவ்வளவுதான். நீ பாஸாகி வந்தபோது நாற்காலியில் மேனேஜரின் மருமகன் இருந்தான். பி.ஏ.வை வைத்துக்கொண்டு மறுபடியும் மூன்றாம் வகுப்புக்கே போனாய். குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, கொண்டாட்டம் அடங்காமல் மறுநாளும் பிள்ளைகள் தெருவில் கத்திக்கொண்டு திரிந்தார்கள். நீ காலிப் பெஞ்சுகளைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, வரவில்லை, வரவில்லை என்று போட்டுக்கொண்டிருந்தாய். சன்னல் வழியே பார்த்துவிட்டு வயலுக்குத் திரும்பிவிட்டேன். உன்னிடம் என்ன பேச?

இப்போது ஆஸ்பத்திரியிலோ ரேஷன் கடையிலோ எவனாவது குனிந்தபடி என் பெயரைக் கூப்பிட்டால், "ஏம்டே, தலையைத் தூக்கி ஆளைப் பாரு" என்று என் வாயிலிருந்து உன் குரல் வருகிறது. வரிசையில் நிற்கிறவர்கள் முறைக்கிறார்கள். எனக்கென்று நீ விட்டுப்போன சொத்து இந்தச் சனியன்தான்.

பகவதி போய்விட்டாள். பிரின்சிபல், மேனேஜர், அந்த மருமகன், எல்லாரும் போயாயிற்று. மடலின் தலையில் உன் பெயரை எழுதச் சொன்னேன். எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு எழுந்து நின்றார். "பேரு வேண்டாம் அண்ணாச்சி. சாருக்குத் தெரியும்" என்கிறார், இந்த வயதில். இதையும் எழுது என்று அதட்டிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறார், தலையைத் தூக்காமல்.

எழுந்து நின்று உன்னைச் சார் என்று சொல்ல மிச்சம் இருப்பவன் இவன் ஒருவன்தான். செல்லத்துரை.